யார் கதவைத் தட்டலாம்?

போன பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை. டெல்லியில் குளிர் இன்னும் விடவில்லை. ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டிய ஒரு கட்டுரையோடு என் பழைய லேப்டாப்பின் முன் மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். திரையின் வலது மேல் மூலையில் வழக்கம்போல் சின்னச் சின்னப் பெட்டிகள் முளைப்பதும் மறைவதுமாக இருந்தன. செருப்புக்கு 60 சதவீதத் தள்ளுபடி. ரஞ்சி கோப்பையில் ஒரு விக்கெட். மூன்று சாப்ட்வேர்களுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது. யாருக்கோ பிறந்த நாள். ஐந்தாறு விநாடி நிற்கும், போய்விடும். அவற்றைப் படிப்பதை நான் விட்டு வெகு நாளாகியிருந்தது.

அந்த வரிசையில் 4.10க்கு வந்த ஒரு பெட்டி, நாக்பூரிலிருந்து அக்கா அனுப்பியது. அப்பா மயங்கி விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், போனை எடு என்று எழுதியிருந்தாள். போன் பக்கத்து அறையில், சார்ஜரில், சத்தமில்லாமல் கிடந்தது. நான் செய்தியைப் பார்த்தபோது மணி ஏழு. சர்க்கரை திடீரென்று இறங்கியதுதான் காரணம். அதற்குள் அப்பா எழுந்து உட்கார்ந்து ஆஸ்பத்திரிக் காபியைக் குறை சொல்ல ஆரம்பித்திருந்தார். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. ஒன்றுதான் கேட்டாள்: "ஏண்டா, நீ கம்ப்யூட்டர் முன்னாடிதானே உட்கார்ந்திருந்தே?"

உட்கார்ந்துதான் இருந்தேன். செய்தியும் என் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் வந்து நின்றது. செருப்புக்குக் கிடைத்த அதே அளவுப் பெட்டி, அதே சாம்பல் நிறம், அதே ஐந்து விநாடி. அப்பாவையும் செருப்பையும் பிரித்துப் பார்க்க என் கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரலாம் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் வெட்கம்.

அன்றிரவு எனக்கு முதலில் தோன்றியது எல்லா அறிவிப்புகளையும் ஒரேயடியாக அணைத்துவிடுவது. பலரும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அணைத்திருந்தால் மட்டும் அக்காவின் செய்தி எனக்கு எட்டியிருக்குமா? எல்லாரையும் உள்ளே விடுவதும் தவறு, எல்லாரையும் வெளியே நிறுத்துவதும் தவறு. வேண்டியது வாசலில் ஒரு விவரமான ஆள். லினக்ஸில் ஓடும் என் லேப்டாப்புக்கு அப்படி ஓர் ஆள் கிடைத்தார். பெயர் டன்ஸ்ட்.

அவரைப் பற்றிச் சொல்லுமுன் கொஞ்சம் பழைய கதை. கம்ப்யூட்டர் மனிதனைக் கூப்பிட்டுச் செய்தி சொல்லும் பழக்கம் நேற்று வந்ததல்ல. 1980இல், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து வந்த யூனிக்ஸ் பதிப்பில் 'பிஃப்' என்ற குட்டிப் புரோகிராம் இருந்தது. கடிதம் வந்தால், நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தாலும் திரையில் ஒரு வரி போட்டுச் சொல்லும். பிஃப் என்பது அந்தப் பல்கலைக்கழகத் தாழ்வாரங்களில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு நாயின் பெயர். தபால்காரரைக் கண்டால் குரைக்குமாம், அதனால் அந்தப் பெயராம் என்று ரொம்ப காலம் ஒரு கதை உலவியது. புரோகிராமை எழுதியவரே அது உண்மையில்லை என்று சொல்லிவிட்டார். கதை பொய்யானாலும் உவமை பொருத்தம்தான். வேண்டாதபோது வாயை மூடு என்று சொல்ல ஒரே எழுத்து போதும் என்பது பிஃப்பின் சிறப்பு. அன்றைக்குக் குரைக்க ஒரே ஒரு நாய்தான் இருந்தது.

பிறகு ஆளாளுக்கு ஒரு நாய் வளர்க்க ஆரம்பித்தார்கள். விண்டோஸ் 2000இல் மஞ்சள் பலூன்கள் வந்தன. 2004இல் ஆப்பிள் கம்ப்யூட்டர்களுக்கு 'க்ரௌல்' வந்தது. 2009இல் ஐபோனுக்குச் செய்திகளைத் தள்ளிவிடும் சேவையை ஆப்பிளே தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் உபுண்டு 9.04இல் கறுப்புக் குமிழிகள் வந்தன. அவற்றில் பட்டனே கிடையாது, வரும், சொல்லும், போகும். பிறகு வெப்சைட்டுகளுக்கும் அந்த உரிமை கிடைத்தது. ஒருமுறை 'சரி' என்று தட்டிவிட்டால் போதும், செருப்புக்கடைக்காரர் ஆயுள் முழுக்க உங்கள் வாசலில் நிற்பார்.

லினக்ஸ் உலகில் இதற்கு ஒரு பொது ஏற்பாடு உண்டு. எந்தப் புரோகிராம் செய்தி அனுப்பினாலும் அது நேராகத் திரையில் எழுதுவதில்லை. டி-பஸ் என்ற உள் தபால் வழியாக ஒரு கடிதம் அனுப்புகிறது. கடிதத்தில் அனுப்பியவர் யார், தலைப்பு என்ன, விவரம் என்ன, எத்தனை நேரம் காட்ட வேண்டும் என்றெல்லாம் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. அவற்றில் ஒன்று அவசரம். சாதாரணத்துக்குக் கீழ், சாதாரணம், மிக அவசரம் என்று மூன்று படிகள். மூன்றாம் படிச் செய்தி தானாக மறையக் கூடாது, பார்த்தவர் கையால்தான் மூட வேண்டும் என்று அந்த விதிமுறை சொல்கிறது. அதாவது அப்பாவுக்கும் செருப்புக்கும் வித்தியாசம் காட்ட இடம் ஏற்கெனவே இருக்கிறது. அனுப்புகிறவர்களில் பலர் அதை நிரப்புவதில்லை. நிரப்பினாலும், செருப்புக்கடைக்காரருக்குத் தன் செருப்பு அவசரம்தானே?

இந்தக் கடிதங்களை வாங்கித் திரையில் காட்டுவதற்குத் தனியாக ஒரு புரோகிராம் வேண்டும். டன்ஸ்ட் அந்த வேலையை மட்டும் செய்கிறது. ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு மூடுபனி என்று பொருள். சி மொழியில் எழுதப்பட்டது, காசு கிடையாது, மூல நிரல் யாரும் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது. அழகான ஜன்னல், கிளிக் செய்ய வரிசையாகப் பட்டன்கள் என்று எதுவும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே ஒரு எழுத்துக் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். அதனால்தான் எடை குறைவு. எனக்குப் பிடித்ததும் அதனால்தான். எழுதி வைத்தது கண்ணெதிரே இருக்கும், என் அனுமதியில்லாமல் மாறாது.

நிறுவுவது சுலபம். டெபியன், உபுண்டு வகையறாக்களில் 'ஆப்ட்', ஃபெடோராவில் 'டிஎன்எஃப்', ஆர்ச்சில் 'பேக்மேன்' என்று அவரவர் வழக்கமான முறையில் கேட்டால் வந்துவிடும். ஆங்கிலத்தில் டி, யூ, என், எஸ், டி என்று ஐந்து சின்ன எழுத்துகள். பிறகு டெர்மினலைத் திறந்து, நோட்டிஃபை-சென்ட் என்று அடித்து, இடைவெளி விட்டு, மேற்கோள் குறிகளுக்குள் 'வணக்கம்' என்று எழுதி என்டரைத் தட்டுங்கள். அந்தக் கட்டளையே இல்லை என்று கம்ப்யூட்டர் முறைத்தால், டெபியன் வகையில் லிப்நோட்டிஃபை-பின் என்ற இன்னொரு சின்னப் பொதியையும் போட வேண்டும். மூலையில் வணக்கம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தெரியாவிட்டாலோ, தெரிந்தும் டன்ஸ்ட்டின் முகமாக இல்லாவிட்டாலோ, பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். வாசலில் இரண்டு காவல்காரர்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அந்தப் பதவியில் இருக்க முடியும். யார் முதலில் வந்து பெயரைப் பதிந்துகொண்டாரோ அவருக்குத்தான் எல்லாக் கடிதங்களும் போகும். டெர்மினலில் டன்ஸ்ட் என்று நேரடியாக அடித்துப் பாருங்கள். இடம் ஏற்கெனவே பிடிபட்டிருந்தால் அதை அங்கேயே சொல்லிவிடும். எக்ஸ்எஃப்சிஇ, மேட் போன்றவற்றில் அவற்றின் சொந்த அறிவிப்புப் புரோகிராமை நிறுத்திவிட்டு டன்ஸ்ட்டை வைக்கலாம். க்னோம், கேடிஇ இரண்டிலும் அந்தக் காவல்காரர் வீட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டவர். அவர்களோடு மோதாதீர்கள். அவற்றிலேயே புரோகிராம் வாரியாக அடக்கிவைக்கும் வசதி இருக்கிறது, அது போதும். டன்ஸ்ட் பொருந்துவது ஐ3, ஓப்பன்பாக்ஸ் போன்ற மெலிந்த ஏற்பாடுகளில். 2021இலிருந்து வேலண்டிலும் ஓடுவதால் ஸ்வே வைத்திருப்பவர்களும் சேர்ந்துகொள்ளலாம். பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். நானும்தான்.

இனி அந்தக் கோப்பு. அதன் பெயர் டன்ஸ்ட்ஆர்சி. ஒரு மாதிரிக் கோப்பு புரோகிராமுடனேயே வரும். அதை உங்கள் வீட்டு அடைவில், மறைந்திருக்கும் கான்ஃபிக் அடைவுக்குள், டன்ஸ்ட் என்ற பெயரில் ஓர் அடைவு உண்டாக்கி அதில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தைத் தொடாமல் நகலைத் திருத்துவது நல்லது. திருத்தியபின் ஓடிக்கொண்டிருக்கும் டன்ஸ்ட்டை நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கினால் புதிய விதிகள் அமலுக்கு வரும்.

திறந்ததும் வரிகளின் எண்ணிக்கை மிரட்டும். மிரள வேண்டாம், முதல் நாளில் நான்கைந்து வரிகளைத் தொட்டால் போதும். முதலில் எழுத்து. மாதிரிக் கோப்பில் எழுத்தின் அளவு 8 என்று இருக்கும். ஆங்கிலத்துக்குச் சமாளிக்கலாம். தமிழில் 'ணை'க்கும் 'னை'க்கும் வித்தியாசம் தெரியாது. 11 அல்லது 12 ஆக்குங்கள். டன்ஸ்ட் எழுத்துகளை வரைய பாங்கோ என்ற பொது நூலகத்தை நம்புவதால், நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் தமிழ் போன்று ஏதாவது ஒரு தமிழ் எழுத்துரு கம்ப்யூட்டரில் இருந்தால் கொம்பு, கால், புள்ளி எல்லாம் ஒழுங்காக விழும். இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும். அது டன்ஸ்ட்டின் குற்றமல்ல.

அடுத்து மூன்று அவசரப் படிகளுக்கும் தனித்தனிப் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் பின்னணி நிறம், எழுத்தின் நிறம், நிற்கும் நேரம் கொடுக்கலாம். என் ஏற்பாடு இது: கீழ்ப்படிக்கு மங்கிய சாம்பல், 4 விநாடி. சாதாரணத்துக்கு வெள்ளை, 10 விநாடி. மிக அவசரத்துக்கு ரத்தச் சிவப்பு, நேரம் 0. இங்கே பூஜ்யம் என்றால் உடனே மறைவது அல்ல, மறையவே மறையாது என்று அர்த்தம். நான் கை வைத்து மூடும்வரை நிற்கும். அன்று அக்காவின் செய்தி இப்படி நின்றிருந்தால் நிமிர்ந்திருப்பேன்.

'ஐடில் த்ரெஷோல்ட்' என்று ஒரு வரி இருக்கிறது. அதில் 120 என்று எழுதினால், நீங்கள் இரண்டு நிமிடத்துக்கு மேல் விசையையோ மவுசையோ தொடாமல் எழுந்துபோயிருக்கும்போது வரும் அறிவிப்புகள், நீங்கள் திரும்பி வரும்வரை அணையாமல் காத்திருக்கும். டீ போடப் போன நேரத்தில் வந்துபோன செய்திகளால் எத்தனை குடும்பச் சண்டைகள் நடந்திருக்கின்றன என்று யோசித்தால் இந்த ஒரு வரியின் மதிப்பு புரியும்.

இவ்வளவும் அலங்காரம். டன்ஸ்ட்டின் உண்மையான வேலை விதிகளில் இருக்கிறது. கோப்பின் கடைசியில் நீங்களே ஒரு பகுதிக்குப் பெயர் வைத்து, இன்ன புரோகிராமிலிருந்து, இன்ன தலைப்போடு, இன்ன சொல்லோடு செய்தி வந்தால் இப்படி நடத்து என்று எழுதலாம். என் முதல் விதி: ப்ரௌசரிலிருந்து வரும் எல்லாம் கீழ்ப்படி. இரண்டாவது விதி: தலைப்பில் 'அக்கா' என்ற சொல் இருந்தால் மிக அவசரம். ப்ரௌசர் வழியாக வரும் செய்திகளில் அனுப்பியவர் பெயர்தான் தலைப்பாக வரும். என் போன் புத்தகத்தில் அவள் பெயர் தமிழிலேயே 'அக்கா' என்று பதிவாகியிருப்பதால் விதியிலும் தமிழிலேயே எழுதினேன். முன்னும் பின்னும் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் அந்தச் சொல் எங்கே வந்தாலும் பிடித்துக்கொள்ளும்.

இங்கே இரண்டு பள்ளங்களில் விழுந்தேன். நீங்கள் விழ வேண்டாம். முதலாவது, விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படுகின்றன. பின்னால் வருவது முன்னால் சொன்னதை மாற்றிவிடும். நான் அக்காவை முதலிலும் ப்ரௌசரை இரண்டாவதாகவும் எழுதியிருந்தேன். விளைவு, டன்ஸ்ட் அக்காவுக்கு மரியாதையாகச் சிவப்புக் கம்பளம் விரித்து, அடுத்த நொடியே செருப்புக்கடை வரிசைக்கு அனுப்பிவிட்டது. பொது விதி மேலே, விதிவிலக்கு கீழே. இரண்டாவது, விதியில் அவசரப் படியை மட்டும் உயர்த்தினால் அந்தப் படியின் நிறமும் நேரமும் தானாகக் கூட வருவதில்லை. சிவப்பு வேண்டும், மறையாமல் நிற்க வேண்டும் என்பதையும் அதே விதியில் எழுதிவிடுங்கள். எழுதிய பின் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். அக்காவிடம் ஒரு 'டெஸ்ட்' அனுப்பச் சொன்னேன். 'உனக்கு வேற வேலையே இல்லையா' என்று பதில் வந்தது, சிவப்பில்.

சிலவற்றைத் திரையில் காட்டவே வேண்டாம் என்றும் விதி எழுதலாம். அப்படி மறைத்தவை தொலைந்துபோவதில்லை, பழைய அறிவிப்புகளின் அடுக்கில் போய்ச் சேரும். மாதிரிக் கோப்பின்படி கடைசி 20 அங்கே இருக்கும். டன்ஸ்ட்சிடிஎல் என்ற துணைக் கட்டளை 2020இல் வந்தது. அதைக் கேட்டால் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும். இதை ஒரு விசைச் சேர்க்கையில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். 'இப்போது என்னவோ வந்ததே, என்ன அது?' என்ற அரிப்புக்கு இதுதான் மருந்து.

அதே துணைக் கட்டளையால் அறிவிப்புகளை மொத்தமாக நிறுத்திவைக்கவும் முடியும். இதன் அருமை புனேயில் இருக்கும் என் நண்பருக்குத்தான் தெரியும். அலுவலகக் கூட்டத்தில், 20 பேர் முன்னிலையில், புரொஜெக்டரில் கணக்குகளைக் காட்டிக்கொண்டிருந்தார். மூலையில் ஒரு பெட்டி எழுந்து, ரத்தப் பரிசோதனை முடிவு தயார் என்றது. பரிசோதனையின் பெயரும் கூடவே இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் கொடுமை என்கிறார் அவர். வங்கிகள் அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்களுக்கும் இதே ஆபத்து உண்டு. புரொஜெக்டரை இணைப்பதற்கு முன், திரையைப் பிறரோடு பகிர்வதற்கு முன், ஒரு விசையைத் தட்டி நிறுத்திவையுங்கள். இடையில் வருபவை வரிசையில் காத்திருந்து, மீண்டும் திறந்துவிட்டதும் வரும். திறக்க மறந்துவிடாதீர்கள். நான் ஒரு முழு நாள் மறந்து, இன்றைக்கு உலகம் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று மனைவியிடம் வியந்துகொண்டிருந்தேன்.

அடுத்தவர் அனுப்புவதை வடிகட்டுவது ஒரு பாதி. மறு பாதி, நமக்கு நாமே அனுப்பிக்கொள்வது. இதைத் தெரிந்துகொண்டவர்கள் பிறகு விடமாட்டார்கள். மெலிந்த ஏற்பாடுகளில் பேட்டரி தீரப்போகிறது என்று எச்சரிக்க ஆள் இல்லை. லேப்டாப் சட்டென்று இருண்டுவிடும். ஆனால் லினக்ஸ், பேட்டரியில் மிச்சம் எத்தனை சதவீதம் என்பதை ஒரு சின்னக் கோப்பில் எப்போதும் எழுதி வைத்திருக்கிறது. ஒரே ஓர் எண் மட்டும் உள்ள கோப்பு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் படித்து, 15க்குக் கீழே போயிருந்து, சார்ஜரும் செருகப்படவில்லை என்றால் சிவப்பில் சொல்லும்படி நான்கு வரி எழுதினால் போதும். இதைச் செய்ய பலரும் க்ரான் என்ற பழைய கால அட்டவணைக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வேலையைச் செய்வார், ஆனால் பெட்டி தெரியாது. காரணம், உங்கள் திரைக்குப் போகும் உள் தபாலின் விலாசம் அவருக்குத் தெரியாது. அந்த விலாசத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது சிஸ்டம்டியில் உங்கள் பெயரிலேயே ஒரு டைமர் வைத்துக்கொள்ளலாம். பின்னதில் தலைவலி குறைவு.

நீண்ட வேலைகளுக்கும் இதுவே கை கொடுக்கும். பெரிய கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகல் எடுக்கும் கட்டளையின் வாலில் ஓர் அரைப்புள்ளி போட்டு, நோட்டிஃபை-சென்ட்டில் 'முடிந்தது' என்று எழுதிவிட்டால், ஐந்து நிமிடத்துக்கொரு தடவை எட்டிப் பார்க்க வேண்டாம். ரயில் டிக்கெட் எடுப்பவர்களுக்கு இன்னொன்று. தட்கல் ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, ஏசி இல்லாததற்கு 11 மணி. 10 மணி ஒரு நிமிடத்துக்கு நினைவு வந்து பிரயோஜனமில்லை என்பது நாக்பூருக்கு அடிக்கடி போகும் எனக்குத் தெரியும். முதல் நாள் இரவே 'ஆட்' என்ற கட்டளையில் 9.50 என்று நேரம் குறித்துச் செய்தியைக் கொடுத்துவிட்டுத் தூங்கலாம். கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனை மெனக்கெட வேண்டுமா, ஒரு பெட்டி வந்தால் வந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். 2015இல் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றைச் சோதித்தார்கள். கவனம் தேவைப்படும் வேலையில் இருப்பவர்களின் போனுக்கு அழைப்போ செய்தியோ வந்தால், அவர்கள் அதை எடுத்துப் பார்க்காவிட்டாலும், வந்தது என்று தெரிந்த மாத்திரத்தில் வேலை கெட்டது. அதற்கு முன்பே, 2008இல், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த க்ளோரியா மார்க்கும் அவரோடு சேர்ந்தவர்களும் வேறொன்றைக் கண்டார்கள். குறுக்கீடு உள்ளவர்கள் வேலையை மெதுவாகச் செய்யவில்லை, வேகமாகவே முடித்தார்கள். தரமும் குறையவில்லை. ஆனால் பதற்றமும் எரிச்சலும் கூடியிருந்தன. விலையை வேலை கொடுக்கவில்லை, மனிதன் கொடுத்தான். மாலையில் காரணமே இல்லாமல் பிள்ளைகள் மேல் விழும் நம் கோபத்துக்கு அந்த மூலைப் பெட்டிகளும் ஒரு காரணமோ என்னவோ.

ஆனால் டன்ஸ்ட் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். செருப்புக்கடைக்காரரை வாசலில் நிறுத்துவதைவிட, அவரிடம் கொடுத்த விலாசத்தைத் திரும்ப வாங்குவது மேல். எனவே முதல் வேலையாக ப்ரௌசரின் செட்டிங்ஸில் போய், அறிவிப்பு அனுப்ப எந்தெந்த வெப்சைட்டுகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். என் பட்டியலில் 31 பெயர்கள் இருந்தன. அவற்றில் 27ஐ எனக்கு அடையாளமே தெரியவில்லை. 2020 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸும் அடுத்த மாதம் க்ரோமும் இந்த அனுமதி கேட்கும் தொல்லையை அடக்க வழி செய்தன. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13இலிருந்து, போனில் புதிதாகப் போடும் ஆப் ஒவ்வொன்றும் அறிவிப்பு அனுப்ப முதலில் அனுமதி கேட்க வேண்டும். ஆனால் பழைய அனுமதிகளைச் சரிபார்த்து நீக்குவது நம் வேலை.

இன்னொரு எச்சரிக்கை. அவசரப் படியை அனுப்புகிறவரே நிரப்புவதால், அற்ப விஷயத்துக்கும் சிவப்புக் கேட்கும் புரோகிராம்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஒவ்வொரு பாட்டு மாறும்போதும் பெயர் சொல்லும் மியூசிக் பிளேயர்களும் உண்டு. இவர்களைக் கீழ்ப்படிக்கு இறக்க ஒவ்வொரு விதி போதும். நீங்களும் சபலத்துக்கு ஆளாகாதீர்கள். விதி எழுதும் ருசி கண்ட முதல் வாரத்தில் எல்லாமே சிவப்பாகத் தெரியும். பன்னிரண்டு சிவப்பு என்றால் அது மறுபடியும் சாம்பல்தான்.

என் கோப்பில் இன்றைக்குச் சிவப்பு ஐந்து. அக்கா, அப்பா, என் கட்டுரைகளுக்காகக் காத்திருக்கும் ஆசிரியர், தீரப்போகும் பேட்டரி, நிரம்பப்போகும் டிஸ்க். இந்த ஐந்தைத் தேர்ந்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆனது. நண்பர்கள் சிலரின் பெயரை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். யார் எப்போது வேண்டுமானாலும் என் வேலையை நிறுத்தலாம் என்று இதற்கு முன் நான் உட்கார்ந்து யோசித்ததே இல்லை. அதைச் செருப்புக்கடைக்காரர்கள் எனக்காக யோசித்து வைத்திருந்தார்கள். இந்தப் பட்டியலை எந்தப் புரோகிராமும் உங்களுக்காக எழுதித் தராது. லினக்ஸ் இல்லை, டன்ஸ்ட் இல்லை என்றாலும் பாதகமில்லை. ஒரு காகிதத்தில் ஐந்து பெயர்களை எழுதி, பிறகு உங்கள் போனின் செட்டிங்ஸில் போய் அவர்களைத் தவிர மற்றவர்களின் சத்தத்தை அடக்கினாலும் அதே பலன்தான்.

போன வாரம் இந்தக் கட்டுரையைத் தொடங்கியபோது மூலை சிவந்தது. நெஞ்சு ஒரு கணம் நின்றது. அக்காதான். அப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வாங்கியிருக்கிறார்களாம், போட்டோ அனுப்பியிருந்தாள். கீழே வழக்கமான கேள்வி: சாப்பிட்டியா? அவசரம் ஒன்றும் இல்லை. ஆனாலும் விதியை மாற்றவில்லை. பெட்டியை மூடிவிட்டு, சாப்பிட்டேன் என்று பதில் எழுதிவிட்டுத்தான் இதைத் தொடர்ந்தேன்.